கலெக்டருக்கு டிரான்ஸ்பர்

நன்னிலம்,
தை மாதக் கடைசி.

அன்பு ஹாஃபிஸாவுக்கு,

எழில் எழுதுகிறேன். உறையைப் பிரித்ததும் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள்தான் முதலில் வரும். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி. வாட்ஸ்அப்பில் எது கேட்டாலும் ‘நல்லா இருக்கேன்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய். அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரிவதில்லை. போனில் பேசலாம் என்றால் என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, மறுமுனையில் குரல் கேட்டதும் எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துவிடும். இந்தத் தாள்கள் கூரியரில்தான் போக வேண்டும் என்று சென்னை ஏஜெண்ட் சொன்னதும், கூடவே ஒரு கடிதமும் போகட்டுமே என்று தோன்றியது.

இங்கே எல்லாரும் சுகம். சம்பா அறுவடை முடிந்தது. அப்பா குத்தகைக்கு எடுத்த வயலில் கடைசி மழைக்குக் கொஞ்சம் பயிர் சாய்ந்து, மெஷின் இறங்கச் சிரமப்பட்டது. மற்றபடி மோசமில்லை. நெல் அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து முளைவிட்டிருக்கிறது. நான் அதே இராஜாங்கம் சாரிடம்தான் இருக்கிறேன். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே அதே அறை, அதே கம்ப்யூட்டர். நீ அங்கே வந்து உட்கார்ந்து, நான் தட்டச்சு செய்கிற பத்திரங்களைச் சத்தமாகப் படிப்பாயே. ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது’ என்று சொல்லிக்கொண்டே என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொள்வாய். சார் இன்னும் கேட்கிறார், “அந்தப் படிக்கிற பொண்ணு எப்பம்மா வருது?” என்று.

போன மாதம் உன் வீட்டுக்காரர் அஸார் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து எனக்குப் போன் செய்தார். உனக்குத் தெரியாமல் பேசுவதாகத்தான் முதலில் சொன்னார். உன் கையெழுத்து வேண்டும் என்று ஆனதும், மறைக்க வேண்டாம், சொல்லிவிடுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். எடுத்த எடுப்பில் அவர் கேட்டது இதுதான்: “தப்பா நெனச்சுக்காதீங்க. ஹாஃபிஸா தூக்கத்துல கலெக்டர், கலெக்டர்னு கூப்பிடுறாங்க. அது யாருங்க?”

பாவம், எத்தனை நாள் இதை மனதில் வைத்திருந்தாரோ. “பூனைங்க” என்றேன். “பூனையா?” என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், “ஊர்ல ஒரு பூனை இருக்குன்னு சொல்லியிருக்காங்க. பேர் சொன்னதில்ல” என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன்.

அவருக்கு நான் கதையைச் சொன்னேன். நான், போனில், ஒரு முழுக் கதையை. உதவித்தொகை வரவில்லை என்று மனுக்கொடுக்க நாம் இருவரும் திருவாரூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனது. நீ குமாஸ்தாவிடம் மல்லுக்கு நின்றபோது நான் உன் பின்னால் இரண்டு பையையும் பிடித்துக்கொண்டு நின்றது. பஸ்ஸில் வரும்போது என் பைக்குள் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டில் கோழிக்குஞ்சு இருந்ததால் உன் வீட்டுக்குக் கொண்டு போனோம். உங்கள் அத்தா அப்போது இருந்தார். “கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து வந்தவரு. நிக்க வச்சுப் பேசாதீங்க, பால் குடுங்க” என்றார். அன்று வைத்த பெயர்.

ஹாஃபிஸா, ஐப்பசியில் ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் இருவர் மட்டும் வீடு திரும்பியதை உன் அம்மா அப்போதே எனக்குச் சொல்லிவிட்டார். நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலும் கேட்கப்போவதில்லை. ஊருக்கு அழைத்துப்போக டிக்கெட் எடுத்ததையும் நீ ரத்து செய்யச் சொன்னதையும் அஸார் அண்ணன் சொன்னார். “ஆளாளுக்கு வந்து உக்காந்து எப்படி ஆச்சு, எந்த மாசம், எந்த டாக்டர்னு கேப்பாங்க. எத்தனை பேருக்கு நான் சொல்றது” என்றாயாமே. நம் ஊரைப் பற்றி நீ தப்பாக எதுவும் சொல்லவில்லை.

அதனால்தான் அவர் கேட்கிறார், நீ வராவிட்டால் கலெக்டரை அங்கே அனுப்ப முடியுமா என்று. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போது பூனை வைத்துக்கொள்ள அனுமதி வந்துவிட்டதாமே.

நம் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு அரிசி போகிறது, இறால் போகிறது, தெருவுக்கு நாலு பையன்கள் போகிறார்கள். பூனை போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. விசாரித்து விசாரித்து, பிராணிகளை விமானத்தில் அனுப்பித் தருகிற துரைராசு என்ற ஏஜெண்டைப் பிடித்தேன். “மேடம், மனுஷனை அனுப்பறது ஈசி” என்றார். முதலில் கழுத்துத் தோலுக்கு அடியில் ஒரு சிப் வைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வெறிநோய்த் தடுப்பூசி. நாம் முன்பு போட்ட ஊசி செல்லாதாம். சிப் இல்லாத காலத்தில் போட்ட ஊசி எந்தப் பூனைக்குப் போனது என்று யாருக்குத் தெரியும் என்கிறார்கள். பிறகு ரத்தம் எடுத்து, ஊசி உடம்பில் பிடித்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். தேறினால் நீ அங்கே இறக்குமதி உரிமம் வாங்க வேண்டும். இறங்கியதும் கொஞ்ச காலம் தனிமைக் காப்பகத்தில் வைப்பார்களாம், அதற்கும் முன்கூட்டியே இடம் பதிய வேண்டும். கிளம்பும் முன் உண்ணி மருந்து, பூச்சி மருந்து, சென்னையில் அதிகாரிகள் பார்த்துத் தருகிற சுகாதாரச் சான்றிதழ். கூண்டுக்கும் விதி இருக்கிறது. அது நிமிர்ந்து நிற்க வேண்டும், முழுசாகத் திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். காற்று நாலு பக்கமும் வர வேண்டும்.

இதையெல்லாம் நான் வீட்டில் படித்துக் காட்டியபோது அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். “பொண்ணைக் கட்டிக் குடுக்கறப்பக்கூட யாரும் இவ்வளவு பாக்கறதில்லையேடி” என்றாள். உன்னை அனுப்பியபோது பாஸ்போர்ட்டும் ஒரு சூட்கேசும்தான் கேட்டார்கள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. நீ போகிற இடத்தில் திரும்பிப் படுக்க இடம் இருக்கிறதா என்று நானாவது கேட்டிருக்கலாம்.

சிப் வைத்தாயிற்று. கும்பகோணத்தில் ஒரு கிளினிக்கில் வைத்தார்கள். நெல்மணி அளவுதான் இருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன நெல்லு ரகம் டாக்டர், ஆடுதுறையா?” என்று கேட்டார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. கலெக்டர் கொஞ்சமும் கத்தவில்லை. அதற்குப் பதில் என் கையைக் கீறிவிட்டது.

உன் அம்மா முழங்கால் வைத்தியத்துக்காக உன் தம்பி ஹம்தானோடு பெங்களூருக்குப் போனதிலிருந்து அது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சாப்பாடு எங்கள் வீட்டில், அவ்வளவுதான். வெயில் தாழ்ந்ததும் வாய்க்கால் மதகைத் தாண்டி உங்கள் தெருவுக்குப் போய், பூட்டிய வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறது. அதைத் தூக்கி வருகிற சாக்கில் நானும் தினமும் போகிறேன். கொஞ்ச நேரம் நானும் உட்காருகிறேன். சில நாள் அது எழுந்துவிடும், நான் எழுவதில்லை.

பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போடு. சாப்பிடு. அஸார் அண்ணன் நல்ல மனிதராகத் தெரிகிறார்.

உன் சுகத்தையே வேண்டும்,
எழில்மொழி.


நன்னிலம்,
சித்திரை.

அன்பு ஹாஃபிஸாவுக்கு,

தாள்கள் வந்து சேர்ந்தன. எல்லா இடத்திலும் சரியாகக் கையெழுத்துப் போட்டிருந்தாய். வேறு ஏதாவது இருக்குமோ என்று உறையைக் கிழித்து உட்பக்கம் வரை பார்த்தேன். இல்லை. பரவாயில்லை. உன் கையெழுத்தில் அந்த ‘ஹா’வின் கால் பழையபடியே நீளமாக இருந்தது. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பெருநாள் கழிந்துவிட்டது. நோன்பு மாதம் முழுவதும் பள்ளிவாசலிலிருந்து ஹபீப் முகம்மது மாமா எங்கள் வீட்டுக்குக் கஞ்சி அனுப்பினார். உங்கள் வீட்டுக்கு வருகிற தூக்குவாளியேதான். வீடு பூட்டியிருக்கிறதே என்றதற்கு, “கலெக்டர் உங்க வீட்டுலதானே தங்கியிருக்காரு, அவர் பங்கு” என்று சொல்லியனுப்பினாராம். அது கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். நாங்கள்தான் குடித்தோம்.

இப்போது கலெக்டர் விஷயம். ரத்தப் பரிசோதனை தேறிவிட்டது! நல்ல மதிப்பெண். இந்த வீட்டில் ஒரு தேர்வில் எழுதிய முதல் முறையே தேறியது அதுதான் என்று நான் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. குரூப் டூ தேர்வு முடிவு மறுபடியும் வந்த வாரம் அது. என் எண் அதில் இல்லை.

ஆனால் தேறிய மறுநாளே ஏஜெண்ட் துரைராசு கூப்பிட்டார். “மேடம், வி. கலெக்டர்னு ஒரு ரிப்போர்ட் வந்திருக்கு. இது யாரு, உங்க அண்ணனா?” என்றார்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், சிரிக்காதே. இல்லை, சிரி. முதல் நாள் கிளினிக்கில் கம்பவுண்டர் “பேரு?” என்றார். “கலெக்டர்” என்றேன். காத்திருந்தவர்கள் எல்லாரும், ஒரு லாப்ரடார் நாய் உட்பட, திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. உடனே அவர் “அப்பா பேரு?” என்றார். எந்த ஆபீசில் பேர் சொன்னாலும் அடுத்து அதைத்தானே கேட்பார்கள். நான் பழக்கத்தில் “வைரக்கண்ணு” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். இப்போது யோசித்தால், பூனைக்கு யார் பொறுப்பு என்று கேட்கத்தான் அப்படிக் கேட்டாரோ என்னவோ. அதிலிருந்து சிப் அட்டை, ஊசிப் புத்தகம், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றிலும் அது வை. கலெக்டர், இங்கிலீஷில் வி. உரிமையாளர் வை. எழில்மொழி. நாங்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் மாதிரி இருக்கிறோம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டுமோ என்று நினைத்தேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் ரிப்போர்ட்டை வாங்கினார். இங்கிலீஷில் இருக்கிறது, எங்கே எழுதியிருக்கிறது, விரலை வை என்றார். வைத்தேன். அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “வை. கலெக்டர்” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அங்கே என்ன சொன்னார் என்று மறுநாள் தெரிந்தது. “வைரக்கண்ணு வீட்டுல ஒரு கலெக்டர் வந்தாச்சு, ஆர்டர் இருக்கு, வேணும்னா காட்டறேன்” என்றிருக்கிறார். நான் தேர்வு எழுதப் போகும்போதெல்லாம் யார் யார் கிண்டல் செய்தார்களோ, அவர்கள் எல்லாருக்கும் டீ சொன்னாராம்.

துரைராசுவும் நல்லவர்தான். திரும்பச் செய்ய வேண்டாம் என்றார். முன்னெழுத்தை நீக்க கிளினிக்கில் ஒரு திருத்தக் கடிதம் போதும். ஆனால் இறக்குமதி உரிமம் உன் பெயரில் வருகிறது, பரிசோதனை என் பெயரில் இருக்கிறது. அதனால் பூனை இனி உன்னுடையது, என்னுடையது இல்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நீ ஏற்றுக்கொண்டதாகக் கீழே நீயும் போட வேண்டும். “சும்மா நாலு வரி மேடம்” என்றார்.

நாலு வரி எழுத உட்கார்ந்தேன். நாள் முழுக்க ஊர்ச் சொத்தையெல்லாம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றி எழுதுகிறவள் நான். ஆனாலும் அந்த நாலு வரி வரவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று வைத்திருக்கிறேன்.

வெயில் அதிகம். கூண்டு வந்துவிட்டது. அது பழக வேண்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். வளர்க்கிறவர் வாசனையுள்ள துணி ஒன்று உள்ளே போடலாம் என்றார்கள். உங்கள் வீட்டுச் சாவி என்னிடம்தானே இருக்கிறது. பீரோவில் உன்னுடைய பச்சைத் துப்பட்டா இருந்தது, கல்லூரிக் கடைசி ஆண்டில் போட்டுக்கொள்வாயே, அது. கூண்டில் விரித்திருக்கிறேன். கலெக்டர் முதல் நாள் அதை மூன்று சுற்றுச் சுற்றி வந்து படுத்தது. விரிப்பதற்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தேன்.

உரிமத்துக்கு விண்ணப்பித்ததும் நகல் அனுப்பு. அதோடு ஏதாவது எழுதேன். நல்லதாக இருக்க வேண்டும் என்றில்லை.

என்றும்,
எழில்மொழி.


நன்னிலம்,
ஆனி.

அன்பு ஹாஃபிஸாவுக்கு,

உரிமத்தின் நகல் வந்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் நீ எழுதியிருந்த ஒரு வரியும் வந்தது. ‘கலெக்டருக்கு என்னை ஞாபகம் இருக்குமா?’

அதைப் படித்ததிலிருந்து வேறு எந்த வேலையும் ஓடவில்லை. பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

மேட்டூர் திறந்து தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. வழக்கம்போல முதல் தண்ணீரில் செருப்பும் பிளாஸ்டிக்கும்தான் முதலில் வந்தன. அப்பா குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார். தண்ணீர் வந்த அன்று கலெக்டர் மதகைத் தாண்ட முடியாமல் அக்கரையிலேயே நின்று கத்தியது. நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தூக்கி வந்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். முன்பென்றால் நான் ஒரு வாரம் வெளியே வந்திருக்க மாட்டேன்.

அந்த நாலு வரிக்கு வருகிறேன். என்னால் எழுத முடியவில்லை என்பதை எப்படியோ இராஜாங்கம் சார் கண்டுபிடித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். “இத்தனை வருஷமா பத்திரம் எழுதறேன். கலெக்டரை மாத்தறது கவர்மெண்டால மட்டும்தான் முடியும்னு நெனச்சிருந்தேன். நீ மாத்திப்புட்டியேம்மா” என்றார். அப்புறம் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாலு வரியெல்லாம் ஒரு எழுத்தா, முறையாகச் செய்வோம் என்று தாளை எடுத்தார்.

“பூனையை யாரு வீட்டுக்குக் கொண்டு வந்தது?” என்று கேட்டார். ரெண்டு பேரும் சேர்ந்துதான் சார் என்றேன். “பை யாரோடது?” என்னோடது. “பால் யாரு ஊத்துனது?” அவங்க வீட்டில். “அப்ப இது கூட்டுச் சொத்து. பாதி உனக்கு, பாதி அந்தப் பொண்ணுக்கு. நீ தானம் குடுக்க முடியாது. உன் பாதியை விட்டுக்குடுக்கலாம். விடுதலைப் பத்திரம்” என்று தீர்ப்புச் சொன்னார்.

பிறகு சொத்து விவரம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். மஞ்சளும் வெள்ளையும் கலந்த ஆண் பூனை உருப்படி ஒன்று, வலது காதில் சிறு கிழிசல், வால் நுனி வெள்ளை, கழுத்தில் சிப். “இதுக்கு நான்கெல்லை சொல்லு” என்றார். “திரும்பிப் படுத்தா எல்லை மாறிடும் சார்” என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. “வில்லங்கம் ஏதும் உண்டா?” என்றார். மீன்காரம்மா கூடையில் வாய் வைத்தது பற்றி ஒரு புகார் இருக்கிறது என்றேன். அதையும் எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன். உன் பார்வைக்கு வரும்.

கடைசிப் பகுதி அவர் சொல்லத் தேவையில்லை, எனக்கே மனப்பாடம். நீ படித்துக் காட்டுகிற அதே வரி. ஆனால் அதன் முதல் இரண்டு சொல்லுக்கு வந்தபோது என் விரல் நின்றுவிட்டது. அவற்றை விட்டுவிட்டு, ‘பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது’ என்று அடித்து முடித்தேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் சார் படித்துக்கொண்டே வந்து அங்கே நின்றார். “புத்திர பௌத்திர எங்கம்மா போச்சு?” என்றார்.

பூனைக்கு எதுக்கு சார் என்றேன். “பூனைக்கில்லம்மா, வாங்கிக்கிறவங்களோட பிள்ளை பேரனுக்கு” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் எதுவும் சொல்லவில்லை ஹாஃபிஸா, சத்தியமாக. ஆனால் அவருக்கு மூன்று பெண்கள். என் முகத்தைப் பார்த்திருப்பார். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, “சரி. எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும். அந்த எடத்துல ரெண்டு சொல்லுக்கு இடம் மட்டும் விட்டு அடி” என்றார்.

சாரைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பத்திரத்தில் ஒரு விரற்கடை இடம் காலியாக இருந்தாலும் விடமாட்டார். யாராவது பின்னால் எதையாவது நுழைத்துவிடுவார்கள் என்று ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து அடைத்துவிட்டுத்தான் வெளியே கொடுப்பார். அதற்காக என்னைத் திட்டாத நாளில்லை. நான் “கோடு போடட்டுமா சார்?” என்று கேட்டேன். “வேண்டாம். கெடக்கட்டும். பின்னால சேத்துக்கலாம், அதுக்கு ஒண்ணும் கெடு இல்லை” என்று சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கப் போய்விட்டார்.

அப்படியே விட்டிருக்கிறேன். இத்துடன் இருப்பது நகல்தான். மூலப் பத்திரம் என் மேசை டிராயரில் இருக்கிறது.

நகலில் கையெழுத்துப் போட்டு மெயிலில் அனுப்பினாலே போதும், அடுத்த மாதமே விமானத்தில் ஏற்றிவிடலாம் என்று துரைராசு சொல்கிறார். அதை உன்னிடம் மறைக்கக் கூடாது. நீ அங்கிருந்து ஒரு அடிகூட எடுத்துவைக்காமலே கலெக்டர் உன்னிடம் வந்து சேரும். நீ அப்படித்தான் வேண்டும் என்றால் ஒரு வார்த்தை சொல், நானே சென்னை வரை கொண்டுபோய் ஏற்றிவிட்டு வருகிறேன்.

ஆனால் சார் சொல்வது வேறு. “எழுதிக் குடுக்கறவங்களும் வாங்கிக்கிறவங்களும் எதிரெதிர உக்காந்து ஒரே பேனாவுல போடணும். அதுதான் பத்திரம். மத்ததெல்லாம் காயிதம்” என்கிறார். சட்டம் அப்படிச் சொல்கிறதா என்று எனக்குத் தெரியாது. பூனைக்கு நிச்சயம் அப்படி ஒரு சட்டம் இருக்காது. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் சார் பக்கம்.

நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். இதைக் கேள். அப்பா டீக்கடையில் செய்த வேலையால் இப்போது உங்கள் தெரு, எங்கள் தெரு, கடைத்தெரு எல்லாவற்றுக்கும் சமாசாரம் தெரிந்துவிட்டது. ஹபீப் முகம்மது மாமா, “ஐயா எப்ப சார்ஜ் எடுக்கறாரு?” என்று தினம் கேட்கிறார். மீன்காரம்மா, “சிங்கப்பூருக்கா? அங்க மீன் ஐஸ்ல இருக்கும், தொடமாட்டான் பாரு” என்கிறாள். ஜமாத்தில்கூட யாரோ பேசினார்களாம். நீ வந்து இறங்கினால் முதலில் இதைத்தான் கேட்பார்கள். எதற்கு வந்தாய் என்று யார் கேட்டாலும் உனக்குப் பதில் தயாராக இருக்கிறது. கலெக்டருக்கு டிரான்ஸ்பர், கூட்டிக்கொண்டு போக வந்தேன் என்று சொல். அதற்கு மேல் யாராவது வாயைத் திறந்தால் நான் இருக்கிறேன். அன்று ஆபீசில் நீ பேசினாய், நான் உன் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த முறை நீ பையைப் பிடித்துக்கொள். எனக்குப் பேச வருமா என்று தெரியவில்லை. முன்னால் நிற்க வரும்.

உங்கள் வீட்டைக் கூட்டித் துடைத்திருக்கிறேன். மோட்டார் ஓடுகிறது. பின்கட்டில் பல்ப் மாற்றினேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. நீ வருவதாக இருந்தால் நீயே சொல், பெங்களூரிலிருந்து முழங்காலையும் மறந்து ஓடிவருவார். யாரும் வேண்டாம் என்றாலும் சரி. கதவைச் சாத்திக்கொண்டு நாம் மூன்று பேர் மட்டும் இருக்கலாம். நீ பேச வேண்டாம். நானும் பேசமாட்டேன், அது எனக்குப் புதிதில்லையே.

உன் கேள்விக்குப் பதில். உன்னை ஞாபகம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. உன் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். காதைத் திருப்பியது. பிறகு போனை மோந்து பார்த்துவிட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அது குரலைத் தெரிந்துகொண்டு காத்திருந்ததா, சும்மா காற்றுக்குப் போனதா என்று என்னால் சொல்ல முடியாது. நீதான் வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்திரத்தில் என் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டேன். எதிரெதிரே உட்கார்ந்து போட வேண்டும் என்று சார் கோபித்துக்கொண்டார். நீ எதிரே இருந்தால் என் கை ஓடாது என்று எனக்குத் தெரியும், அதனால் முன்பே போட்டேன். ‘இனிமேல் இதில் எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை’ என்ற வரிக்குக் கீழேதான் என் கையெழுத்து இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தப்பாக நினைக்காதே.

அது பூனையைப் பற்றியது மட்டும்தான்.

வாசல் விளக்கைப் போட்டு வைக்கிறேன்,
எழில்.